காற்றுப் போக வழியில்லாத தட்டு

பிரேக் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

நான் பட்டறையை விட்டு நின்ற அன்று எனக்கு மாலை போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, ‘ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே’ என்று நிற்க வைத்தீர்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டான். “அண்ணே, கட்டித் தட்டு நல்லதா, கண் தட்டு நல்லதா? கட்டித் தட்டு ஆளையே கொன்னுடும்னு ஆம்பூர்ல சொல்றாங்களே, நெசமா?”

அவனுக்கும் நான் பதில் சொல்லவில்லை. அது ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பிரேக் தூசியை வாயால் ஊதி ஊதி நெஞ்சு கட்டிப்போய், முடி முழுசாக நரைப்பதற்குள் டாக்டர் என்னை வேலையை விடச் சொல்லிவிட்டார். நீங்களாவது ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

இப்போது வரும் சின்னக் கார்களில் முன்சக்கரத்துக்குத் தட்டு பிரேக், அதாவது டிஸ்க் பிரேக், சாதாரணமாகிவிட்டது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் அது அதிசயம். லாரி, பஸ், அம்பாசடர் எல்லாம் டிரம் பிரேக்தான். மூடிய சட்டிக்குள் நடக்கிற சமாசாரம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தட்டு பிரேக் அப்படியில்லை. சக்கரத்து ஓட்டை வழியாகப் பார்த்தால் பளபளவென்று கண்ணில் படும். கண்ணில் படுவதால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி முதலாளியிடம் வெளிநாட்டுக் கார் ஒன்று இருந்தது. மெட்ராஸில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. எட்டு சிலிண்டர். அதன் மூக்கு மட்டும் ஒரு மாட்டு வண்டி நீளம் இருக்கும். தூக்கி நிறுத்த எங்கள் ஜாக்கி போதாது; லாரி ஜாக்கி கொண்டுவர வேண்டும். அந்த எடை ஓடுகிற வேகத்தில் நிற்க வேண்டுமானால் சாதாரணப் பிரேக் தாங்காது. அதனால் முன்னால் கண் தட்டு, பின்னால் டிரம்.

கண் தட்டு என்பது எங்கள் மேஸ்திரி வைத்த பெயர். இரண்டு இரும்பு வட்டங்கள், நடுவில் இடைவெளி, இடைவெளியில் வரிசையாகத் தடுப்புகள். விளிம்பைப் பார்த்தால் சுற்றிலும் சின்னச் சின்னக் கண்கள் தெரியும். சக்கரம் சுழலும்போது அந்தக் கண்கள் வழியாகக் காற்று பாய்ந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கட்டித் தட்டு ஒரே இரும்பு. காற்றுப் போக வழி கிடையாது. சூடு ஏறினால் இறங்க நேரமாகும்.

அந்தக் காரை ஓட்டியவன் தாஸ். அணைக்கட்டுப் பக்கத்துக்காரன். வண்டியைத் தினம் மாப்பிள்ளை மாதிரி குளிப்பாட்டி வைப்பான். ஏலகிரி மலையிலிருந்து இறங்கி வந்ததும் நேராகக் கம்பெனித் தொட்டியில் தண்ணீர் எடுத்து சக்கரத்தில் வீசி அடிப்பான். தணலாய்க் கிடக்கும் இரும்பில் அந்தக் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் பிரேக் போட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது என்று கொண்டுவந்தான். கழற்றிப் பார்த்தால் இரண்டு தட்டிலும் கண்ணுக்குக் கண் விரிசல்.

மேஸ்திரி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“டேய் தாஸு, சூடா இருக்கிற கண்ணாடி கிளாஸ்ல ஐஸ் தண்ணி ஊத்துவியா?”

“மாட்டேன் மேஸ்திரி.”

“இதுல மட்டும் ஏன்டா ஊத்துன?”

“இது இரும்பாச்சே மேஸ்திரி.”

“இரும்புன்னா அதுக்கு வலிக்காதா?”

அந்த மேஸ்திரியின் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் எழுத விட்டிருக்க மாட்டார்.

கம்பெனித் தட்டு எங்கேயும் கிடைக்கவில்லை. அப்போது வெளிநாட்டுச் சாமான் வரவழைப்பது நம்மால் ஆகிற காரியமில்லை. மெட்ராஸில் புதுப்பேட்டை முழுக்க அலைந்தும் அளவு பொருந்தவில்லை. கடைசியில் காட்பாடிப் பக்கத்து வார்ப்புப் பட்டறையில் வார்க்கச் சொன்னோம். கண் தட்டு வார்க்க அவர்களிடம் வசதி இல்லை. கட்டித் தட்டு வார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். அதே குறுக்களவு, அதே கனம். லேத்தில் கடைந்து மாட்டினோம்.

மாட்டியதும் வாணியம்பாடி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். இதைக் கவனமாகப் படியுங்கள். தம்பி கேட்ட கேள்விக்கு வேலை சம்பந்தப்பட்ட பதில் இங்கேதான் இருக்கிறது. முதல் பிரேக்கில் பழைய கண் தட்டு எப்படிப் பிடித்ததோ கட்டித் தட்டும் அப்படியே பிடித்தது. மூக்கு குனிந்து வண்டி நின்றது. மறுபடி வேகம் எடுத்து, மறுபடி பிரேக். இப்படியே விடாமல் செய்யச் செய்யத்தான் வித்தியாசம் வந்தது. பெடலை இன்னும் அழுத்த வேண்டியிருந்தது. ஒரு தீய்ந்த வாசனை வந்தது. ஓரம் கட்டி நிறுத்தி மேஸ்திரி தட்டின் மேல் எச்சில் துப்பினார்; சுர்ரென்று காய்ந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து துப்பினார், அப்போதும் காய்ந்தது. கண் தட்டாக இருந்தால் அதற்குள் கை வைக்கிற அளவுக்கு ஆறியிருக்கும். ஆக, குளிர்ந்த தட்டில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. விடாமல் பிரேக் போடும்போதுதான் வேற்றுமை.

மேஸ்திரி முதலாளியிடம் போய் ஒளிக்காமல் சொன்னார். “ரோட்டுல எங்க வேணா போங்க முதலாளி. மலைக்கு மட்டும் கொண்டு போவாதீங்க.”

“மலைக்குப் போவாத வண்டிய வெச்சிக்கிட்டு இன்னா பண்றது மேஸ்திரி?”

“ஜீப்பு ஒண்ணு சும்மாதானே நிக்குது.”

முதலாளி சிரித்துவிட்டார். சொன்னபடியே மலைக்கு அந்தக் காரை எடுத்துப் போகவுமில்லை.

அந்தத் தோல் கம்பெனியின் வாசலில் வாட்ச்மேன் கன்னியப்பன் இருந்தார். வாலிபத்தில் அதே கம்பெனியில் கத்தி பிடித்துத் தோலில் சதை சீவியவர். மரப் பீப்பாய்கள் உருளும் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. முதுகு விழுந்த பிறகு முதலாளி அவரை வாசலில் உட்கார வைத்தார். பிள்ளை இல்லை. அவரும் அவர் மனைவி மரகதம்மாவும்தான்.

அவருக்கும் தாஸுக்கும் தினம் ஒரு விளையாட்டு உண்டு. கார் ஷெட் முற்றத்தின் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து வாசல்வரை சரிவு. தாஸ் காரை மெல்ல உருட்டிக்கொண்டு வருவான். கன்னியப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டின் குறுக்குக் கம்பியைத் தூக்குவார். அவர் முழங்காலுக்கு ஒரு சாண் பின்னால் கொண்டுவந்து காரை நிறுத்துவான். அவர் திரும்பிப் பார்த்து, “இன்னாடா டைவரு, இடிச்சிடுவியா?” என்பார். “உன்ன இடிச்சா என் வண்டிதான் நைனா நசுங்கும்” என்பான் இவன். கம்பெனி ஆட்கள் சிரிப்பார்கள். நானே ஒரு தடவை நின்று சிரித்திருக்கிறேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் முதலாளி வியாபாரமாக வெளிநாடு போனார். தாஸுக்கு லீவு. அவன் ஊருக்குப் போய்விட்டான். கார் ஷெட்டிலேயே நின்றது. முதலாளி திரும்புகிற அன்று அவரை அழைத்துவர தாஸ் காலையிலேயே வந்து வண்டியைக் கிளப்பினான். கிளப்பினதும் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். பெடல் கல் மாதிரி நின்றது. சரி என்று உருட்டினான். வழக்கம்போல கன்னியப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியைத் தூக்கினார்.

வண்டி நிற்கவில்லை.

ஹாரன் அடித்தான்; அவருக்குக் காது கேட்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கேட்டுக்கும் காருக்கும் நடுவில் அவர் இருந்தார். மேலே எழுத வேண்டாம்.

ஸ்டேஷனில் தாஸ் சொன்னது ஒன்றுதான். “பிரேக்க மிதிச்சேன். பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு. வண்டி நிக்கல.” அதுவே அவனுக்கு எதிராகப் போனது. பிரேக் கெட்டால் பெடல் உள்ளே போகும், அது டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். பெடல் கெட்டியாக இருந்தால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே இவன் பொய் சொல்கிறான். ஆக்சிலேட்டரை மிதித்திருப்பான், அல்லது விளையாட்டுக்கு மிரட்டப் போய்க் கொன்றுவிட்டான் என்று பேச்சு ஆயிற்று. அந்த விளையாட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அதையும் சொன்னார்கள். தாஸ் மறுத்துப் பேசவில்லை. லாக்கப்புக்கு டீ கொண்டுபோனபோது என்னிடம், “வெளையாண்டது நான்தானே முனிசாமி. என்ன உள்ளயே வெச்சிடட்டும்” என்றான்.

இன்னொரு பேச்சும் கிளம்பியது. கம்பெனித் தட்டில் காற்றுப் போக வழி இருந்தது, இவர்கள் போட்டது வெறும் கட்டி, அதனால்தான் பிடிக்கவில்லை என்று. அது எங்கள் பட்டறையைப் பார்த்து வந்த பேச்சு.

காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து எங்கள் பட்டறையில் விட்டார்கள். மோட்டார் இன்ஸ்பெக்டர் வேலூரிலிருந்து மத்தியானம் வருவார், அதுவரை ஒரு நட்டும் தொடக்கூடாது என்று உத்தரவு. மேஸ்திரி தாஸுக்காக வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். நான் காருக்கு எதிரில் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் பட்டறைப் பூனை வந்தது. காரைச் சுற்றி ஒரு நடை நடந்து முன்சக்கரத்தின் பக்கம் போய் மூக்கை நுழைத்தது. விரட்டினேன். போய், மறு பக்கத்து முன்சக்கரத்தை நக்கப் பார்த்தது. பின்சக்கரத்தை அது திரும்பியும் பார்க்கவில்லை.

நான் குனிந்து மோந்து பார்த்தேன். மீன் எண்ணெய்.

தோல் கம்பெனிக்குள் இருந்தவரை இதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கே தோலுக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். காற்று முழுக்க அந்த வாசனைதான். வெளியே கொண்டுவந்து வெயிலில் நிறுத்தினால்தான் அது தனியாகத் தெரிகிறது. நீங்களும் நினைவில் வையுங்கள். ஒரு வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டுமானால் முதலில் அது நின்ற இடத்தை விட்டு வெளியே கொண்டுவாருங்கள்.

இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், நிதானமானவர். என் முன்னாலேயே சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். தட்டின் இரண்டு முகத்திலும் எண்ணெய். தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேடுகள் அதைக் குடித்து ஊறிப்போயிருந்தன. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க மாட்டறப்ப பூசுனதா?”

“மாட்டி எத்தனையோ மாசம் ஓடுன வண்டி சார். பூசியிருந்தா அன்னிக்கே நின்னிருக்காது. எங்க பட்டறையில கிரீஸ் இருக்கு, டீசல் இருக்கு. மீன் எண்ணெ இல்ல சார்.”

“பெடல் ஏன் கெட்டியா இருந்துச்சு?”

“பெடல் பேடத் தள்றவரைக்கும்தான் சார். பேடு போயி தட்டப் புடிச்சிடுச்சு. புடிச்சது வழுக்குது. அது காலுக்குத் தெரியாது.”

அவர் தலையை ஆட்டினார். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. நான் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறார். பிறகு அவரே கேட்டார். “சரி. பின்னால டிரம்மு இருக்கே. அது புடிச்சிருக்கணுமே?”

நான் பின்சக்கரத்தைக் காட்டினேன். இரண்டு பின் டயரிலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும், கம்பெனி முற்றத்தில் ஒட்டிய சுண்ணாம்புச் சேறு தேய்ந்து வழித்து எடுத்ததுபோல் இருந்தது. பின்சக்கரம் சுழலாமல் நின்றுதான் போயிருக்கிறது. ஆனால் சரிவில் எடையெல்லாம் மூக்குக்கு வந்துவிடும். பின்பக்கம் லேசாகி, முற்றத்து வழுக்கலில் நின்ற சக்கரம் அப்படியே இழுபட்டுப் போயிற்று. மிதிக்காத பிரேக்குக்கு டயரில் அந்தத் தேய்மானம் வராது.

“அப்ப அந்த டிரைவர் மிதிச்சிருக்கான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மிதிச்சிருக்கான் சார்.”

“எண்ணெய் யார் போட்டது?”

“தெரியாது சார்” என்றேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். தட்டையும் பேடையும் சாக்கில் கட்டி சீல் வைத்து எடுத்துப்போனார். தாஸ் ஜாமீனில் வந்தான். பிறகு கேஸும் நிற்கவில்லை.

அவன் வெளியே வந்ததும் நேராகக் கன்னியப்பன் வீட்டுக்குப் போனான். தனியாகப் போகப் பயந்து என்னையும் அழைத்துப் போனான். வாசலில் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரகதம்மா அவனைப் பார்த்ததும் அடிப்பார், ஏசுவார் என்று நினைத்தேன். அவர் தன் பக்கத்தில் தரையைத் தட்டி அவனை உட்காரச் சொன்னார்.

“நீ இன்னாடா பண்ணுவ. உம்மேல அவருக்கு உசுரு. நீ ஊருக்குப் போனப்புறம் தெனம் உன் பேச்சுதான். மழையில அவன் வண்டி துருப் புடிக்குதுடி, வந்தா கஷ்டப்படுவான்னு சொன்னாரு. கம்பெனியில மழைக்கு முன்னாடி கத்தி, தாப்பா, கீலு எல்லாத்துக்கும் எண்ணெ வெப்பாரு இல்ல, அப்பிடியே மூங்கில் குச்சியில துணி சுத்தி, சக்கரத்துக்குள்ள ஒரு தட்டு மினுக்குது பாரு, அதுக்கும் நல்லா வெச்சிட்டேன், தாஸு பாத்தா சந்தோசப்படுவான்னாரு. அவ்ளோ பாத்துக்கினாரு உன் வண்டிய.”

பக்கத்திலிருந்த பெண்கள் தலையாட்டிக் கண்ணைத் துடைத்தார்கள். அவர்களில் யாருக்கும் அதன் அர்த்தம் தெரியவில்லை. தாஸ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

டிரம் பிரேக்காக இருந்திருந்தால் அவர் கை அங்கே போயிருக்க வழியே இல்லை. மூடிக் கிடக்கும். திறந்து கிடக்கிற இரும்பு, அதிலும் துரு பூத்த இரும்பு. ஆயுசு முழுக்கத் தோல் கம்பெனியில் கிடந்த கை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? உப்பும் ஈரமும் நிறைந்த அந்த இடத்தில் எண்ணெய் காணாத இரும்பு ஒரு மழைக்குத் தாங்காது. அவர் கற்ற வேலை அது.

தெருமுனை வந்ததும் தாஸ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“இத யாருகிட்டயும் சொல்லாத. எங்காலுதான் காரணம்னே இருக்கட்டும்.”

“கேஸே முடியப் போவுது. உங்காலு இல்லன்னு எழுதியாச்சு.”

“அப்ப யாருன்னு கேப்பாங்களே முனிசாமி?”

கேட்கத்தான் செய்தார்கள். முதலாளியே பட்டறைக்கு வந்தார். கன்னியப்பன் சாவு அவரையும் உலுக்கியிருந்தது. தாடி வளர்ந்து, தூக்கமில்லாத முகம்.

“மேஸ்திரி, எண்ணெ இருந்துச்சாமே. எவன் பூசுனான்? சும்மா இருந்த மனுசன சாவடிச்சிட்டான். எண்ணெ செக்ஷன்ல அத்தினி பேரையும் நிக்க வெச்சு விசாரிக்கப் போறேன். தெரிஞ்சா அன்னிக்கே அவன வெளிய அனுப்பிடுவேன்.”

மேஸ்திரிக்கு நான் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“அவங்களப் போட்டுப் பேஜார் பண்ணாதீங்க முதலாளி. உங்க கம்பெனிக் காத்துலயே எண்ணெதான் இருக்கு. தட்டு சரியில்ல. நாங்க வார்த்துப் போட்ட தட்டு.”

“நீதானே ஓட்டிப் பாத்து நல்லாருக்குன்ன?”

“சொன்னேன். தப்பாச்சு.”

முதலாளி வாசல்வரை போய்த் திரும்பினார். பிறகு, “இனிமே என் வண்டி எதுவும் உங்கிட்ட வராது மேஸ்திரி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி மட்டும் இல்லை. மற்ற தோல் கம்பெனிக் கார்களும் வரவில்லை. பிறகு பல வருஷம் நாங்கள் லாரி டிரம் கடைந்துதான் காலம் தள்ளினோம்.

முதலாளி போன அன்றே நான் பொறுக்காமல் கேட்டேன். “தட்டு நல்லாத்தான மேஸ்திரி இருந்துச்சு? குளிர்ந்த தட்டு முதல் பிரேக்குல கட்டியா இருந்தா இன்னா, கண்ணா இருந்தா இன்னா? நாமதானே ஓட்டிப் பாத்தோம். ஏன் பொய் சொன்னீங்க?”

“செத்தவரு பேரச் சொல்லச் சொல்றியா?”

“யாரு பேரயும் சொல்லாம இருந்திருக்கலாமே.”

“சொல்லாம இருந்தா எண்ணெ செக்ஷன்ல எவன் தலையாவது உருளும். தட்டுக்குப் பொண்டாட்டியா இருக்கா, அழறதுக்கு? அது தாங்கும். உடு.”

எனக்கு மனசு ஆறவில்லை. செய்த வேலை சரியாக இருக்கும்போது அதை நாமே தப்பு என்று சொல்வதாவது என்று இருந்தது. வார்ப்புப் பட்டறைக்காரர் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. நாலு பேரிடம் நியாயத்தைச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். வாய் வராத சுபாவம், அதனால் சொல்லவில்லை.

மாசங்கள் கழித்துக் கோர்ட்டிலிருந்து சாக்கு திரும்பி வந்தது. மேஸ்திரி ஊரில் இல்லை. நான் சாக்கைப் பிரித்துத் தட்டுகளைப் பலகை மேல் வைத்தேன். டீசலில் கழுவிவிடலாம் என்று டப்பாவை எடுக்கத் திரும்பினால் வாசலில் மரகதம்மா நிற்கிறார். அவருக்குக் கம்பெனியில் தோல் ஓரம் நறுக்குகிற வேலை கொடுத்திருந்தார்கள். வேலை விட்டு நேராக வந்திருந்தார்.

“தம்பி, கோர்ட்லருந்து அந்தத் தட்டு வந்துடுச்சின்னு சொன்னாங்க. அவர எடுத்துக்கிச்சே, அத நான் ஒரு தடவ பாக்கணும்.”

“வேணாங்கா. அதப் பாத்து இன்னா ஆவப் போவுது?”

“பாக்கணும்.”

நான் ஒதுங்கி நின்றேன். அவர் பலகைக்குக் கிட்டே வந்தார். இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வலது உள்ளங்கையைத் தட்டின் மேல் வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. கையை எடுத்துப் பார்த்தார். பிசுக்கு ஒட்டியிருந்தது. முகத்துக்குக் கொண்டுபோய் மோந்தார்.

“எங்க ஊட்டுக்காரரு கை வாசன” என்றார்.

நான் டீசல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுபடியும் மோந்தார். தட்டைப் பார்த்தார். கோர்ட்டு மூலையில் அத்தனை மாசம் கிடந்தும் அதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“எண்ணெ இருந்துச்சின்னு ஜனங்க பேசிக்கினாங்க. நான் காதுல போட்டுக்கல. தம்பி… இதுனாலயா வண்டி நிக்கல?”

பட்டறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. மேஸ்திரி இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார். நான் கொஞ்சம் தாமதித்தாலும் அந்தத் தாமதமே அவருக்குப் பதிலாகிவிடும்.

“இல்லக்கா” என்றேன். “எண்ணெ மேலாக்க கொஞ்சம்தான். ரெண்டு சுத்துல போயிடும். இது கட்டித் தட்டு. உள்ள காத்துப் போற வழி இல்ல. அதான் புடிக்கல. நாங்க போட்டது சரியில்ல.”

“வழியே இல்லியா?”

“பழைய தட்டப் பாருங்க.” விரிசல் விட்ட கண் தட்டு ஒன்று மூலையில் கிடந்தது. எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். “இதுல பாருங்க, சுத்தியும் கண்ணு இருக்கு. அதுல ஒண்ணுகூட இல்ல.”

அவர் கண் தட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணிலும் விரல் நுனியை விட்டு எடுத்தார். பிறகு கட்டித் தட்டின் விளிம்பில் விரலை வைத்துச் சுற்றிலும் ஓட்டினார். ஒரு முழுச் சுற்று வந்து, நம்பாமல் மறுபடி ஒரு சுற்று. எங்கேயும் விரல் உள்ளே போகவில்லை.

“ஆமா. வழியே இல்ல” என்றார். பெருமூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்த்து, “படிச்சவங்கதானே நீங்க, ஒரு வழி வெச்சி செஞ்சிருக்கக் கூடாது?” என்றார். நான் படித்தவன் இல்லை என்றும் சொல்லவில்லை.

கையை முந்தானையில் துடைக்காமல் அப்படியே மூடிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூட வருகிறவர்களிடம், “இவங்க போட்ட தட்டுலதான் காத்துப் போக வழி இல்ல” என்று கை காட்டுவார். கம்பெனியில் சொன்னார், தண்ணீர்க் குழாயில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார். டிரைவர்கள் கேட்டுக்கொண்டு போய் ஸ்டாண்டில் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் காதில் விழும். அடுத்த டிரம்மைக் கடைவேன். மேஸ்திரி காலமானபோதுகூட மரகதம்மா வரவில்லை.

தாஸ் அப்புறம் ஸ்டீயரிங் தொடவே இல்லை. தோல் காயவைக்கிற இடத்தில் வேலை செய்தான். இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறான். இந்த வருஷம் மரகதம்மா போய்ச் சேர்ந்த செய்தியை நான்தான் அவனுக்குச் சொன்னேன். “இனிமே எழுதிக்கோ” என்றான். அவனைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கனமான வண்டி, வேகமான வண்டி, மலை இறங்குகிற வண்டி என்றால் கண் தட்டு போடு. சமதரையில் ஓடுகிற வண்டிக்குக் கட்டித் தட்டு போதும். விரிசலும் சீக்கிரம் விடாது. எதைப் போட்டாலும், வெகுநாள் நின்ற வண்டியை எடுக்கும்போது பெடலை நம்பாதே. தட்டைத் துணியால் துடைத்து மோந்து பார். ஆள் இல்லாத சமதரையில் கொஞ்சம் உருட்டிப் பிரேக் போட்டுப் பார். அதற்குப் பிறகு மனுஷன் நிற்கிற பக்கம் திருப்பு.

கட்டித் தட்டு ஆளைக் கொல்லும் என்று ஆம்பூரில் சொல்கிறார்களே, அது நான் சொன்னது. ஒருத்தரிடம் மட்டும்தான் சொன்னேன். அந்தத் தட்டு ஒரு தப்பும் செய்யவில்லை.